கொட்டாங்கச்சி மணலில் ஒரு மைக்குப்பி

எலெக்‌ஷன் டியூட்டி ஆர்டர் வந்த அன்று எங்கள் ஸ்டாஃப் ரூம் ஒப்பாரி வீடு மாதிரி இருக்கும். ஒருவருக்கு அந்த நிமிடமே இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்னொருவருக்கு நாத்தனார் வீட்டுக் காதுகுத்து ஞாபகம் வரும். "இந்தவாட்டி என் பேர் வராதுன்னு சொன்னாங்களே" என்று ஒரு டீச்சர் ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பின்பக்கத்தில் வேறு யார் பெயராவது இருக்கிறதா என்று. நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "ம்ம், என்ன செய்றது" என்பேன். உள்ளுக்குள் நாதஸ்வரம் தவிலோடு கச்சேரி நடந்துகொண்டிருக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எலெக்‌ஷன் டியூட்டி பிடிக்கும். திருவிழாவில் சாமி பார்ப்பவர்களுக்கு நடுவே, தேருக்கு அடியில் புகுந்து சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களைப் பார்க்கப் போகிற குழந்தை நான்.

ஊர் விழுப்புரம். அரசுப் பள்ளி ஆசிரியை. சொந்தச் சட்டமன்றத் தொகுதியில் நம்மைப் போட மாட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு எனக்குத் திண்டிவனம் விழுந்தது. பதவி, வாக்குப்பதிவு அலுவலர் எண் 2. டியூட்டிக்காரர்கள் பாஷையில் பி.ஓ.2. ஊர் ஜனங்கள் பாஷையில் "மை வெக்கிற டீச்சர்".

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவன். ஆர்டர் வந்த வாரத்தில் எழுந்து நின்றான்: "டீச்சர், உலகத்துலயே குட்டியூண்டு எலெக்‌ஷன் எங்க நடக்குது?"

தேடிப் பார்த்துவிட்டு, மிகக் குட்டியானவற்றில் ஒன்றை மறுநாள் சொன்னேன். ஆஸ்திரியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடுக்கில் லீக்டன்ஸ்டைன் என்று ஒரு நாடு. மொத்தம் 160 சதுர கிலோமீட்டர். ஜனம் சுமார் நாற்பதாயிரம். நாடாளுமன்றத்தில் 25 பேர். வாக்காளர்கள் இருபதாயிரத்துச் சொச்சம்தான். அப்போதைய நம் கணக்குப்படி ஒரு பூத்துக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர்கள். ஆக அந்த நாட்டுக்கு எத்தனை பூத் வேண்டும்? பையன்கள் நோட்டில் வகுத்தார்கள். பதினாலு, பதினைந்து! ஒரு சோனல் ஆபீசர், அதாவது மண்டல அலுவலர், கையில் பத்துப் பன்னிரண்டு பூத் இருக்கும். "அப்ப ஒரு நாட்டுக்கு ஒன்றரை சோனல் ஆபீசர் டீச்சர்!" என்றான் அவன். வகுப்பே சிரித்தது. நானும்தான். திண்டிவனம் டவுனுக்குள்ளேயே ஒரு நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலை நடத்திவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு பஸ் ஏறிவிடலாம்!

நம் விழுப்புரம் தொகுதியிலோ அந்தத் தேர்தலில் பதினைந்து லட்சம் வாக்காளர்கள். திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மரக்காணம் கடற்கரையில் ஆரம்பித்து உளுந்தூர்பேட்டை முந்திரிக்காடு வரை. இத்தனைக்கும் சேர்த்து டெல்லிக்குப் போகிறவர் ஒரே ஒருவர், 543 பேரில் ஒருவர்.

அந்தக் குட்டி நாட்டில் அநேகமாக எல்லோரும் தபாலில் ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள். கட்சிக்கு ஒரு சீட்டு. பிடித்த கட்சிச் சீட்டை எடுத்து, அதில் பிடிக்காத ஆளின் பெயரை அடித்துவிட்டு, அடுத்த கட்சிக்காரர் பெயரை எழுதி அனுப்பலாம். மை கிடையாது, அரக்கு கிடையாது, பூத் வாசலில் சண்டை கிடையாது. இன்னொன்றும் படித்தேன். அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1984இல். எழுத்துப்பிழை என்று நினைத்து இரண்டு இடத்தில் சரிபார்த்தேன். 1984தான்! என் பாட்டி இதே திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் 1952இலேயே ஓட்டுப் போட்டவள். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் 18 காலை. திண்டிவனத்தில் கடைசிப் பயிற்சி வகுப்பு. எந்த பூத் என்று அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் மூன்று தடவை குலுக்கிப் போடும். முதலில் ஆள், அப்புறம் தொகுதி, கடைசியில் பூத். அந்தக் காகிதம் கைக்கு வருகிற நிமிடம் இருக்கிறதே, பிளஸ் டூ ரிசல்ட் கெட்டது போங்கள். "எனக்கு டவுனு!" என்று ஒருவர் துள்ளினார். இன்னொருவர் தன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஊருக்கு பஸ்ஸே இல்லியே" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு மரக்காணம் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் டீம். முன்பின் பார்த்திராத நான்கு பேர். எங்கள் பி.ஆர்.ஓ. சார், அதாவது வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், ரிட்டயர்மெண்ட்டுக்கு இரண்டு வருஷம் இருக்கிற மேல்நிலைப்பள்ளி ஆசிரியர். இடுப்பில் பேனாக்கத்தி, பையில் தன் சொந்த டார்ச். பார்த்ததுமே புரிந்துவிட்டது, இவர் பழம் தின்று கொட்டை போட்டவர். பி.ஓ.1 ஒரு அலுவலக உதவியாளர் தம்பி. பி.ஓ.3 அப்போதுதான் வேலையில் சேர்ந்த பெண். முதல் டியூட்டி, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தப் பை. ஐயோ, அந்தப் பை! மண்டல அலுவலர் வண்டியில் மெஷின்கள் போலீஸ் காவலோடு வரும். பை தனி. அதைக் கவிழ்த்துச் சரிபார்க்கும்போது நான் தீபாவளிச் சீட்டுக்காரி மாதிரி ஆகிவிடுவேன். அரக்குக் கட்டி. மெழுகுவர்த்தி. தீப்பெட்டி. நூல்கண்டு. ஊசி. பிளேடு. இரும்பு ஸ்கேல். கோந்து. ரப்பர் ஸ்டாம்ப்கள். வண்ண வண்ணமாகக் கவர்கள், ஒவ்வொன்றிலும் இதற்குள் இது என்று அச்சடித்து. பச்சைத் தாள் சீல், இளஞ்சிவப்புத் தாள் சீல், பட்டை சீல். இரண்டு குப்பி மை. நிலாவுக்குக் கலம் அனுப்புகிற தேசம், நாடாளுமன்றத்தை நூலாலும் அரக்காலும் கட்டி அனுப்புகிறது. எனக்கு இதில் கேலி கொஞ்சமும் இல்லை, சந்தோஷம்தான். ஹேக் பண்ணுவது பற்றி டிவியில் விவாதிக்கிறவர்களை ஒருநாள் இந்த அரக்கு வாசனைக்கு நடுவே உட்காரவைக்க வேண்டும். பேட்டரியில் ஓடுகிற கருவி, அதைச் சுற்றி நூல், நூலின் முடிச்சில் அரக்கு, அதன்மேல் முத்திரை, அதற்குச் சாட்சியாக ஒருவரையொருவர் நம்பாத ஐந்து கட்சி ஏஜெண்டுகள். இந்த ஏற்பாட்டின் பலமே அந்த அவநம்பிக்கைதான்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகும் வண்டியில் பி.ஆர்.ஓ. சார் ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்தார். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, அதுதான் திண்டிவனம் ஆயிற்று. 1947இல் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் இந்தப் பக்கத்துக்காரர். பா.ம.க. நிறுவனர் ராமதாசின் தைலாபுரம் தோட்டமும் இங்கேதான். ஒரு மாசத்துக்கு முன்னால், மார்ச் 19ஆம் தேதி, பா.ஜ.க.வோடு அவர்கள் கூட்டணிக் கையெழுத்துப் போட்ட அன்று இந்தப் பக்கமெல்லாம் டிவி வண்டியாக நின்றதாம். "நம்ம ஊரு சின்ன ஊரும்மா. ஆனா பெரிய காரெல்லாம் இங்கதான் திரும்பும்" என்றார் சார்.

சாயங்கால வெயிலில் உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாக மின்னின. ஒருவர் வரப்பில் நடந்துகொண்டே எங்கள் வண்டியைப் பார்த்துக் கையை உயர்த்தி விரலைக் காட்டினார். நாளைக்கு மை வாங்க வருகிறேன் என்று அர்த்தமாம்.

பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் சார் முதலில் மேலே பார்த்தார். டியூப்லைட் எங்கே? அதற்கு நேர்கீழே விவிபாட், அதாவது போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி, வைக்கக் கூடாது. நேரடி வெளிச்சம் பட்டால் அதற்கு ஆகாது. ஜன்னல் எங்கே? ஓட்டுப் போடுகிற மறைப்பு அட்டை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மெஷின் இருக்கிற பெஞ்சு ஆடினால் மடித்த அட்டையைக் காலடியில் கொடு. இந்தப் பெஞ்சு நகர்த்தும் படலமே ஒரு மணி நேரம் ஓடியது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் வேலியோரம் நின்று பொண்ணு வீடு பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார்கள்.

என் வேலை மைக்குப்பிக்கு இடம் பண்ணுவது. சின்னக் குப்பி, பத்து மில்லி. நிற்கவே நிற்காது. மூடியைத் திறந்து குச்சியை எடுத்த கையோடு ஒருபக்கம் சாயும். சாய்ந்தால் மேசை, ரெஜிஸ்டர், என் சேலை எல்லாம் ஓட்டுப் போட்டுவிடும். அதற்குத் தேர்தல் ஆணையத்தின் கையேட்டிலேயே வழி சொல்லியிருக்கிறது. ஒரு கிண்ணத்திலோ டப்பாவிலோ மணலைப் போட்டு, குப்பியை முக்கால்வாசி புதைத்து வை. சத்தியமாக! வாசித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எவரோ ஒரு அதிகாரி, என்றைக்கோ ஒரு பூத்தில், தன் வெள்ளைச் சட்டையில் மை கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வரி கையேட்டில் வந்திருக்காது. சத்துணவு அக்கா ஒரு கொட்டாங்கச்சி கொடுத்தார். மணலுக்கு எங்கே போவது என்று கேட்கவே வேண்டியதில்லை, கடற்கரை ஊர். கொட்டாங்கச்சி உருளாமல் இருக்க அடியில் ஒரு பழைய வளையல். ஆயிற்று, நாடாளுமன்றம் நின்றுவிட்டது.

மை மைசூரிலிருந்து வருகிறது. 1937இல் மைசூர் மகாராஜா ஆரம்பித்துவைத்த பெயிண்ட் கம்பெனி, இப்போது கர்நாடக அரசுடையது. 1962 தேர்தலிலிருந்து இந்த மைதான். உள்ளே சில்வர் நைட்ரேட். வைக்கும்போது கத்தரிப்பூ நிறம், வெளிச்சம் பட்டுக் காய்ந்தால் கறுப்பு. ஒரு குப்பி ஏறக்குறைய எழுநூறு விரல் தாங்கும். முன்பெல்லாம் ஒரு பொட்டு வைப்பார்கள். 2006க்குப் பிறகு நகத்தின் நுனியில் ஆரம்பித்து முதல் கணு வரைக்கும் ஒரு கோடு. பொட்டு வைக்கிற கைக்கும் கோடு போடுகிற கைக்கும் வித்தியாசம் உண்டு. நான் கோலம் போடுகிற வீட்டில் பிறந்தவள்.

ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொசு. ஆண்கள் ஒரு வகுப்பில், நாங்கள் ஒரு வகுப்பில். மின்விசிறி ஒன்று, அது சுற்றுவதைவிடச் சத்தம் போடுவதில்தான் ஆர்வமாக இருந்தது. பி.ஓ.3 பெண் பாய்மேல் உட்கார்ந்துகொண்டு "குளோஸ், ரிசல்ட், கிளியர்... குளோஸ், ரிசல்ட், கிளியர்" என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மந்திரம் எதற்கு என்றால், விடியற்காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. ஜனங்கள் பார்க்காத தேர்தல் இது. எனக்கு மிகவும் பிடித்த தேர்தலும் இதுதான். ஏஜெண்டுகள் குளித்துத் திருநீறு பூசி, கையில் தூக்குவாளியோடு வருவார்கள். முதல் நாள் வரைக்கும் மைக்கில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த கட்சிக்காரர்கள். இங்கே "மாமா, தள்ளி உக்காரு" என்று ஒரே பெஞ்சில். மெஷின் காலியாக இருக்கிறது என்று சார் எண்ணைக் காட்டுவார், பூஜ்யம். விவிபாட் பின்னால் ஒரு குமிழ் இருக்கிறது. படுத்திருந்தால் பயணம், நின்றால் வேலை. அதை நிமிர்த்திவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். அப்புறம் குறைந்தது ஐம்பது ஓட்டு, எல்லாச் சின்னத்துக்கும் மாற்றி மாற்றி. ஒவ்வொன்றையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளணும். ஏஜெண்டுகள் எதிர்க்கட்சிச் சின்னத்தை அமுக்க வேண்டி வரும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். இன்னொருவர், "என் கையால இதுக்கு ஓட்டுப் போடவெச்சிட்டியே சார்" என்றார். நோட்டாவுக்கு யார் போடுவது என்று ஒரு தயக்கம். கடைசியில் அது என் தலையில்.

பிறகு குளோஸ், ரிசல்ட். எண்ணிக்கை குறிப்போடு பொருந்துகிறதா, விழுந்த சீட்டுகளோடு பொருந்துகிறதா? பொருந்தினால் கிளியர். மாதிரிச் சீட்டுகளில் முத்திரை குத்தி, கறுப்பு உறைக்குள் போட்டு ஒட்டி, இளஞ்சிவப்பு சீல். இந்தக் கிளியர் அமுக்க மறந்தால் முடிந்தது கதை. அந்த ஐம்பது பொய் ஓட்டும் நிஜ ஓட்டோடு போய்க் கலக்கும். பி.ஓ.3 பெண் இரண்டு தடவை பார்த்து, மூன்றாம் தடவை பார்த்து, "பூஜ்யம் சார்!" என்று கத்தியபோது ஏஜெண்டுகள் கை தட்டினார்கள். பச்சைத் தாள் சீலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மணி ஏழு.

பகல் முழுக்க விரல்கள். ஆட்கள் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. உப்பில் வேலை செய்து நுனி வெடித்த விரல்கள், வலை இழுத்துக் காய்ப்பேறிய விரல்கள், மருதாணி காயாத ஒரு கல்யாணப்பெண்ணின் விரல். இரண்டாவது கணுவோடு முடிந்துபோன ஓர் ஆட்காட்டி விரலும் வந்தது. கணு இருக்கிறதே, கோடு போட்டேன். பி.ஓ.1 தம்பி பக்கத்தில் வாக்காளர் பட்டியலில் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தார். ஆண் என்றால் குறுக்குக் கோடு மட்டும். பெண் என்றால் கோட்டோடு வரிசை எண்ணைச் சுற்றி வட்டம். மூன்றாம் பாலினத்தவர் என்றால் நட்சத்திரம். இதே நாடாளுமன்றத் தொகுதியின் இன்னொரு மூலையில், உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துக் கூவாகத்தில், நான்கு நாள் கழித்துச் சித்ரா பௌர்ணமி. ஊரெல்லாம் திருநங்கைகள் கூடுகிற கூத்தாண்டவர் திருவிழா. பட்டியலில் அவர்களுக்கு நட்சத்திரம் போடுவது என்று முடிவு செய்தவர் யாரோ, அவருக்கு ஒரு மாலை போடலாம்.

ஓர் ஆயா உள்ளே போனார். பீப் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. சார் இங்கிருந்தே, "ஆயா, ஆச்சும்மா, வாங்க" என்றார்.

"இருய்யா. சீட்டு வுழட்டும்."

விவிபாட் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு ஏழு விநாடி தெரியும், அப்புறம் அறுந்து பெட்டிக்குள் விழும். ஆயா அந்த ஏழு விநாடியையும் முழுசாக அனுபவித்துவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம் குனிந்து, "எம் பேரு அதுல இல்லியே, அவன் சின்னந்தான் தெரியுது?" என்று கேட்டார். ரகசியம் என்றால் அதுதான் ஆயா என்றேன். "அப்ப சரி" என்றார், திருப்தி இல்லாமல்.

பதினொரு மணிவாக்கில் ஒரு சிக்கல். ஓர் ஏஜெண்டு எழுந்து, "இந்த ஆளு இவரில்ல" என்றார். வந்தவர் கொதித்துப்போனார். இதற்கும் கையேட்டில் பதில் இருக்கிறது. ஆட்சேபிக்கிற ஏஜெண்டு இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். டீ விலை என்னவோ ஆகிவிட்டது, ஆட்சேப வாக்கின் கட்டணம் மட்டும் இரண்டே ரூபாய். சார் ரசீதுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, நிதானமாகப் பேனாவைத் திறந்தார். ஏஜெண்டு சட்டைப்பையைத் தடவிப்பார்த்தார். நூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது. "சில்லறை இல்ல, வுடுங்க சார், நம்ம ஊரு ஆளுதான் போல" என்று உட்கார்ந்துவிட்டார். ஜனநாயகம் சில்லறையில்லாமல் பிழைத்தது.

மத்தியானம் என் ஓட்டு. அதே நாடாளுமன்றத் தொகுதிக்குள் டியூட்டி என்பதால் தேர்தல் பணிச் சான்று உண்டு, வேலை செய்கிற பூத்திலேயே போடலாம். பட்டியலின் கடைசியில் என் பெயரை எழுதிச் சேர்த்தார்கள். எனக்கு நானே மை வைத்துக்கொண்டேன். அன்றைய கோடுகளிலேயே கோணலானது அதுதான்.

ஆறு மணி. கதவைச் சாத்திவிட்டு வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? கடைசி ஆளிடமிருந்து! அவருக்கு ஒன்றாம் நம்பர். அங்கிருந்து முன்னால் நடந்து வர வேண்டும். முன்னாலிருந்து கொடுத்தால், நாம் கொடுத்துக்கொண்டே போக வால் வளர்ந்துகொண்டே போகும். இந்த ஒரு யோசனைக்காகவே நான் ஆணையத்துக்குக் கும்பிடு போடுவேன். ரேஷன் கடையில் முயன்று பார்க்கலாம்.

கடைசி ஓட்டு விழுந்ததும் பி.ஓ.3 குளோஸ் பொத்தானை அமுக்கினாள். இனி தெய்வமே வந்தாலும் ஓட்டுப் போட முடியாது. இப்போதுதான் வயிற்றைக் கலக்கும் கட்டம். என் ரெஜிஸ்டரின் கடைசி வரிசை எண்ணும் மெஷின் காட்டும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால்தான் ஓட்டுக் கணக்கான 17சி படிவம் எழுதலாம், ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுக்கலாம்.

ஒன்று உதைத்தது.

என் ரெஜிஸ்டரில் ஒன்று கூட. கை கால் எல்லாம் சில்லிட்டுப்போயிற்று. யாராவது கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனார்களா? ஏஜெண்டுகள் எழுந்து நின்றார்கள். "ஒரு ஓட்டுதானே" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் பாய்ந்தார்: "2009 ஞாபகம் இருக்கா?" இருக்காதா பின்னே! தொகுதி மறுவரையறைக்குப் பிறகு விழுப்புரத்துக்கு நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல். அ.தி.மு.க.வின் ஆனந்தன் வி.சி.க.வின் சாமிதுரையை வென்றது வெறும் 2,797 ஓட்டில். லீக்டன்ஸ்டைன்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே 2021இல் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தலா பத்து இடம், நடுவே வித்தியாசம் 42 வாக்கு.

சார் ஒன்றும் பேசவில்லை. ரெஜிஸ்டரை வாங்கி, எச்சில் தொட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 611, 612, 614. அங்கே நின்றது அவர் விரல். 613 எங்கே? நான்தான் தாண்டியிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் அந்தக் கல்யாணப்பெண்ணின் மருதாணியைப் பார்த்து மலைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆளும் கூடவில்லை, ஓட்டும் குறையவில்லை. ஒரு எண்தான் காணாமல் போயிருக்கிறது. ஏஜெண்டுகளைக் கூப்பிட்டுக் காட்டி, குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். "அரக்கைக் கொளுத்தும்மா" என்றார், அவ்வளவுதான்.

அரக்கு, நூல், முத்திரை, கவர், மறுபடி அரக்கு. கட்டைவிரலில் ஒரு சொட்டு விழுந்து கொப்பளம். மண்டல அலுவலர் வண்டி வரும்வரைக்கும் மெஷினைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், பிணத்துக்குக் காவல் இருப்பதுபோல் என்று பி.ஓ.1 தம்பி சொல்ல, சார் அதட்டினார்: "கல்யாணப்பொண்ணுக்குன்னு சொல்லுடா."

அந்தக் காத்திருப்பில்தான் பாட்டி கதையைச் சொன்னேன். 1952இல் திண்டிவனம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி., ஆளுக்கு இரண்டு ஓட்டு. சீட்டில் முத்திரை குத்துகிற வேலையே கிடையாது. மறைப்புக்குள்ளே வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஜெயித்த இருவருமே, முனுசாமியும் ஜெயராமனும், ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்காரர்கள். பாட்டி கடைசிவரைக்கும் பெருமையாகச் சொல்வாள், "உங்களுக்கெல்லாம் ஒண்ணு, எங்களுக்கு ரெண்டு." அன்றைய பி.ஆர்.ஓ. எத்தனை பெட்டிக்கு அரக்கு வைத்திருப்பார் என்று எங்கள் சார் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் தூங்கிப்போனார். அந்தத் திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி 2008 மறுவரையறையில் இல்லாமலே போய்விட்டது. இப்போது திண்டிவனம் விழுப்புரத்துக்குள் ஆறில் ஒரு பங்கு.

வண்டி வந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. பிறகு நடந்ததை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள். தொகுதியில் 76.52 சதவீதம் பதிவு. ஜூன் 4 எண்ணிக்கையில் பானைச் சின்னத்தில் நின்ற வி.சி.க.வின் ரவிக்குமார் 70,703 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019இல் இதே ரவிக்குமார் இதே தொகுதியில் ஜெயித்தது உதயசூரியனில்.

எனக்குக் கதை அதோடு முடியவில்லை. விக்கிரவாண்டி எம்.எல்.ஏ. புகழேந்தி ஏப்ரல் 6ஆம் தேதி காலமாகியிருந்தார். இடைத்தேர்தல் ஜூலை 10. மறுபடி ஆர்டர்! ஸ்டாஃப் ரூமில் மறுபடி ஒப்பாரி, எனக்குள் மறுபடி நாதஸ்வரம்.

அந்த வாரம் எங்கள் பக்கம் ஒரு வேடிக்கை. நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற புதுச்சேரியிலும் தேர்தல், பிரான்ஸ் நாட்டு நாடாளுமன்றத்துக்கு! பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற தமிழர்கள், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் குடும்பத்துக்காரர்கள், நாலாயிரத்துச் சொச்சம் பேர் அங்கே வாக்காளர்கள். ஜூன் 30, ஜூலை 7 என்று இரண்டு சுற்று. கண்ணாடிப் பெட்டி, காகித உறை. உறை உள்ளே விழுந்ததும் அதிகாரி "ஆ வொத்தே" என்பார், வாக்களித்தாயிற்று என்று. வெளிநாட்டில் இருக்கிற வாக்காளர்கள் வேண்டுமானால் இன்டர்நெட்டிலேயே போட்டுவிடலாம். மூன்று நாள் கழித்து விக்கிரவாண்டியில் நாங்கள். 29 வேட்பாளர்கள், ஒரு கருவியில் பதினாறு பொத்தான்தான் என்பதால் இரண்டு கருவி. சட்டமன்றத் தேர்தல், ஆகவே மெஷின்மேல் ஒட்டும் தாள் வெள்ளை இல்லை, இளஞ்சிவப்பு. பதிவோ 82.48 சதவீதம். என் குப்பி அன்று படாத பாடு பட்டது.

மைக்குத்தான் புது உத்தரவு. ஏப்ரல் மை ஆட்காட்டி விரலில் இன்னும் மிச்சம் இருக்கும் என்பதால், இந்தத் தடவை இடது கை நடுவிரல். காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் "நடுவிரலு, நடுவிரலு" என்று சொல்லித் தொண்டை வறண்டது. கையை நீட்டச் சொன்னால் எல்லோரும் பழக்கதோஷத்தில் ஆட்காட்டி விரலைத்தான் நீட்டினார்கள்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். தோலில் இருந்த கறை எப்போதோ போயிருந்தது. நகத்தில் மட்டும் இருந்தது. ஆனால் வைத்த இடத்தில் இல்லை. அடிநகத்தில் போட்ட கறுப்பு எண்பத்திரண்டு நாளில் மேலே மேலே ஏறி, நகத்தின் நுனிக்கு வந்து, வெட்டுவதற்குத் தயாராக ஒரு மெல்லிய பிறையாக நின்றது. அதன் கீழே புது நகம் ரோஜா நிறத்தில். வரிசையில் விரல் விரலாக அதே பிறை. சிலருக்குக் கொஞ்சம் கீழே, சிலருக்கு வெட்டியே போயிருந்தது.

"இன்னா டீச்சர், கைரேகை பாக்கிறியா?" என்றார் முன்னால் நின்ற ஒரு பெரியம்மா. "மை வெய்யி. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

குச்சியை மணலிலிருந்த குப்பியில் தோய்த்தேன். இந்தத் தடவை கொட்டாங்கச்சியை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.